மேல்வீடு

பத்திரத்தில் அது 5-சி.
எங்களுக்குப் பதினோரு ஆண்டுகளாக
அது வெறும் சத்தம்.

இரவு மூன்று மணிக்கு லிஃப்ட் நிற்கும்.
சாவி. பிறகு மரச்செருப்பு.
சமையலறைக்குப் பன்னிரண்டு எட்டு,
குளியலறைக்கு ஏழு;
கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.
ரோஸலிண்ட் ஆக்டர்பெர்க், இரவுப்பணிச் செவிலி.
எத்தனை பேரைத் தூங்கவைத்துவிட்டு வந்தாளோ,
வந்து எங்களை எழுப்பினாள்.

கான்ராட் துடைப்பக் கட்டையால் சீலிங்கை இடிப்பான்.
மூன்று இடி.
அவளோடு எங்களுக்கு இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.
லிஃப்டில் எதிர்ப்பட்டால்
இன்வுட்டில் இந்த வருடம் பனி குறைவு என்போம்.

மார்ச்சில் அவள் ஆல்புகர்க்கிக்குப் போனாள்.
போகும்போது வீட்டை எங்களுக்கே விற்றாள்.
இரட்டையர் என் வயிற்றில் இருந்த நேரம்.
வாங்காமல் இருக்கவும் முடியாது,
வாங்கவும் முடியாது.
வாங்கினோம்.

கட்டடக் குழு ஏழு மாதம் கூடிக் கூடிக் கலைந்தது.
ஈரத்தின் கீழே ஈரம்தான் இருக்கவேண்டுமாம்:
ஒருவர் குளிக்கும் இடத்தின் கீழே
இன்னொருவர் உறங்கக் கூடாது.
இரண்டும் எங்கள் வீடுதானே என்றேன்.
"நாளைக்கே பிரிந்துவிட்டால்?" என்றார் செயலாளர்,
வீடுகளைச் சொன்னாரா எங்களைச் சொன்னாரா
என்று முகத்தில் காட்டாமல்.

இரண்டு அழைப்புமணி. இரண்டு மின்மீட்டர்.
இரண்டு அடுப்பு கூடாது.
மேலடுப்பின் எரிவாயுக் குழாய்க்கு
பித்தளை மூடி திருகிவிட்டுப் போனான் ஒருவன்,
பாட்டிலை மூடுவதுபோல.

வில்சன் கிஸ்பே படிக்கட்டுக்குக் கோடு போட்டார்,
நாலடிக்குப் பத்தடி, நீலச் சுண்ணாம்பில்.
முதல் பலகையை நெம்பியதும் கூப்பிட்டார்:
"சென்யோரா, இங்கே வாங்க."

ஓக் பலகைக்குக் கீழே தக்கை.
தக்கைக்குக் கீழே தடித்த கம்பளி ஃபெல்ட்.
அதற்கும் கீழே, நீல ஓரம் போட்ட
மருத்துவமனைப் போர்வைகள், நன்றாக மடித்து.
அடியில் செய்தித்தாள். தேதியைப் பார்த்தேன்:
இமோஜென் பிறந்த குளிர்காலம்,
நாங்கள் கட்டையை முதலில் கையில் எடுத்த குளிர்காலம்.
பலகையில் பழைய ஆணித்துளைகள்.
மூன்று முறை கழற்றி மூன்று முறை அடித்திருக்கிறாள்.

"கைக்காசு நிறைய," என்றார் வில்சன்,
தக்கையின் முனையைக் கிள்ளிப் பார்த்து.
"சத்தம் குறையவே இல்லையே," என்றான் கான்ராட்.
குறைந்திருக்கும்.
குறையக் குறைய
நாங்கள் கூர்ந்து கேட்டிருப்போம்.

வட்ட ரம்பம் இரண்டு நாள் அலறியது.
மூன்றாம் நாள் வெளிச்சம் ஒன்று
மேலிருந்து எங்கள் சோபாவில் இறங்கி உட்கார்ந்தது.
ஓட்டையில் இமோஜெனின் தலை, புருவமெல்லாம் வெள்ளை:
"அம்மா! நம்ம வீட்டுக்கு மேலே நம்ம வீடு!"
அறுத்தெடுத்த சிமெண்டுத் துண்டைப் புரட்டினார்கள்.
அடிப்பக்கம் நான் எத்தனையோ முறை பெயிண்ட் பூசி மறைத்த
கட்டை முனையின் பள்ளங்கள்.
அம்மைத் தழும்புபோல.

"இதெல்லாம் குப்பைக்கா?"
தக்கைச் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு
கேட்டார் வில்சன். நூற்று நாற்பது மூட்டை
ஏற்கெனவே சர்வீஸ் லிஃப்டில் இறங்கியிருந்தது.

நான் வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குக் கீழே 3-சி. திரு. லெவோனியன்.
பியானோக்களுக்குச் சுருதி கூட்டுபவர்.
ஒரு தந்தி மயிரிழை தளர்ந்தாலும்
பல்லில் கூசுமாம் அவருக்கு.
இமோஜென் நாற்காலியிலிருந்து குதித்தே வளர்ந்தவள்.
கான்ராட் கதவை மூடத் தெரியாதவன், அறையத்தான் தெரியும்.
என் ஹீல்ஸ் காலை ஆறே காலுக்கு.
இப்போது இரட்டையரும் தவழ ஆரம்பித்துவிட்டார்கள்,
ஆளுக்கொரு கரண்டியோடு.

பதினோரு ஆண்டில் அவர் ஒருமுறைகூட இடித்ததில்லை.
நாங்கள் சத்தம் போடாதவர்கள் என்றே
நான் நினைத்திருந்தேன்.

"குப்பைக்கு இல்லை," என்றேன்.
"கீழ்த்தளத்துத் தரைக்கு.
எத்தனை அடி தேறும், அளந்து சொல்லுங்கள்."