எட்டும் கொஞ்சமும்

தரம் எட்டு, பி பிரிவு. மூன்றாம் பாடவேளை.
மின்விசிறி வெள்ளிக்கிழமையே நின்றுவிட்டது.
மேசையில் பிறிஸ்டல் மட்டையில் ஒட்டிய
மூடியில்லாத பெட்டிகள் இரண்டு.
ஒன்றின் பக்கம் ஐந்து சென்ரிமீற்றர்,
மற்றதன் பக்கம் பத்து.
இரவு பன்னிரண்டு வரை இருந்து ஒட்டினேன்;
விரலில் இன்னும் பசை.

"பக்கம் இரண்டு மடங்கானால்
உள்ளே கொள்வது எத்தனை மடங்கு?"

"ரெண்டு!" முப்பத்தாறு தொண்டை.
கடைசி வாங்கிலிருந்து யதுர்சிகா மட்டும்
"நாலு" என்றாள்,
சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சரி, மணலைக் கேட்போம்.
காலையில் உப்புவெளிக் கரையில்
ஸ்கூட்டியை நிறுத்தி அள்ளிய மணல்.
சோகி உடைசல், ஒரு சிகரெட் துண்டு,
யாரோ வெள்ளைக்காரியின் தலைமயிர்க் கிளிப்,
எல்லாம் அரித்தெடுத்தாயிற்று.

சின்னதை நிரப்பிப் பெரியதில் கவிழ்க்கிறோம்.
ஒன்று.
இரண்டு.
அவர்கள் கணக்குப்படி இங்கே நிரம்பியிருக்க வேண்டும்.
எட்டிப் பார்க்கிறார்கள்:
இரண்டரை சென்ரிமீற்றரில்
அடியோடு படுத்துக்கிடக்கிறது மணல்.
"கள்ளப் பெட்டி!" என்றது ஒரு குரல்.
மூன்று. நாலு.
யதுர்சிகா கழுத்தை நீட்டினாள்.
பாதிதான். அவளும் இருந்துவிட்டாள்.
ஐந்திலிருந்து வகுப்பே சேர்ந்து எண்ணியது,
பக்கத்து அறையில் சிங்களப் பாடம் நின்றது.
ஏழு. எட்டு.

இன்னும் கொஞ்சம் இடமிருந்தது.

நான் எதிர்பாராத கொஞ்சம்.
மட்டை பாரம் தாங்காமல் நாற்புறமும் பிதுங்கி
பெட்டிக்கு வயிறு வைத்திருந்தது.
ஒன்பதாவதில் பாதி போட்டபின்தான் விளிம்பு தட்டியது.
எட்டரை என்று எழுதுவதா கரும்பலகையில்?

"கணக்குக்குத் தொப்பை வைக்காது ரீச்சர்,
எட்டுண்டே போடுங்க" என்றான் சஹ்லான்.

எட்டென்றே போட்டேன்.
நீளத்துக்கு ஒரு இரண்டு, அகலத்துக்கு ஒரு இரண்டு,
எல்லோரும் மறந்துபோகும் உயரத்துக்கு ஒரு இரண்டு.
மட்டை மட்டும் நாலு மடங்குதான் செலவு.

திருக்கடலூர் டிலோஜன் அதுவரை வாய் திறக்கவில்லை.
கொப்பியில் கனவளவு என்ற சொல்லை
நடுவில் பிளந்து
கனவு அளவு என்று எழுதியிருந்தான்.
சிவப்புப் பேனையைத் திறந்தேன்.
அப்போதுதான் கேட்டான்:
"ரெஜிபோம் பெட்டிக்கும் இதுதானா ரீச்சர்?"

போன கிழமை அவன் அப்பா
மத்திய வீதிக்கு மீன்பெட்டி வாங்கப் போனாராம்.
சின்னது ஆயிரத்து ஐந்நூறு.
எல்லாப் பக்கமும் இரட்டித்தது ஆறாயிரம்.
"ரெண்டு பெட்டிக்கு நாலு பெட்டி விலையா?
ஆரடா உனக்குக் கணக்குப் படிப்பிச்சது?"
கடைக்காரரின் சட்டையைப் பிடித்தாராம்.
வெறுங்கையோடு வந்தாராம்.

டிலோஜன் விரல்விட்டுப் பார்க்கிறான்.
நாலு மடங்கு காசு. எட்டு மடங்கு மீன்.
"பெரிய கட்டி ஐஸ் கெதியாக் கரையாது,
உடைச்ச ஐஸ்தான் முதல்ல போகும்,
அது எங்களுக்கு முந்தியே தெரியும்" என்கிறான்,
நாளைக்கென்று நான் வைத்திருந்த பாடத்தை
ஒரே மூச்சில் முடித்துவிட்டு.

பிறகு, மேசையைப் பார்த்தபடி:
"அப்பாட்ட எப்பிடிச் சொல்றது?"

பாடக்குறிப்பில் அதற்கு ஒன்றுமில்லை.
"முதல்ல மீன் எட்டு மடங்கு படோணுமே!"
முன்வாங்கு சொல்ல, வகுப்பு சிரித்தது.
அவனும் சிரித்தான், கடைசியாக.
வாடைக்கு இன்னும் இரண்டு கிழமை.
வாடை இறங்கினால் வள்ளம் இறங்காது.
அந்தக் கடலுக்கு எந்த மடங்கு?
பேனையை மூடினேன்,
பிளந்த சொல் பிளந்தபடி கிடக்கட்டும்.

மணி அடித்தது.
மணலைக் கூட்டி வாளியில் போட்டார்கள்,
பெட்டிகளை யன்னல் கட்டில் வைத்துவிட்டுப்
பதிவேட்டில் கையெழுத்திடப் போனேன்.
திரும்பி வந்தால்
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
யன்னலுக்குள் தலையை விட்டு
பெரியதின் ஒரு முகத்தை
சாவகாசமாய் மென்றுகொண்டிருந்தது.
பசை ருசித்திருக்கும்.

முகங்கள் ஐந்திருந்தன.
இப்போது நாலு.
சின்னதை மட்டும் எடுத்துப் பைக்குள் போட்டேன்.