வெள்ளம் இல்லை

குமரிமுனையில் சூரியன் மேகத்துக்குள்ளேயே உதித்துவிட்டது.
காசு கொடுத்து எடுத்த அறை. கோபத்தில் மேற்கே போகும்
முதல் பேருந்தில் ஏறினேன்.
புதுக்கடைச் சந்திப்பில் இறங்கியதும்
டீக்கடைப் பையன் கேட்டான்:
"வெள்ளம் வேணுமா?"
தம்ளரில் ஆவி பறக்கச் சீரகத் தண்ணீர்.

இருபத்தாறு ஆண்டு சுருக்கெழுத்துப் பிடித்த என் வலது கை
தம்ளரை வாங்காமல் நின்றது.

பேரவையில் எங்களுக்குப் பத்துப் பத்து நிமிடம்.
ஒருத்தி எழுந்தால் இன்னொருத்தி அமர்வாள்.
பேச்சின் தலை எனக்கு, வால் வசந்தகோகிலத்துக்கு.
ஒருவர் விரல் நீட்டிக் கத்திக்கொண்டிருக்கும்போதே
பென்சிலைச் செருகிக்கொண்டு போய்
தட்டச்சு அறையில் காப்பி குடிப்பேன்.
எந்த வாதமும் எனக்கு முடிந்து பார்த்ததில்லை.

அந்த மார்ச், பாசன மானியக் கோரிக்கை,
பகல் பன்னிரண்டு இருபது.
திரு. ஞானாபரணம் எழுந்தார்.
"தலைவர் அவர்களே, எங்களுக்க ஊர்ல வெள்ளம் இல்ல.
நாலு வருஷமா இல்ல. யாரும் வந்து பாக்கவும் இல்ல."
கொச்சையைத் திருத்துவது எங்கள் வேலை.
'எங்கள் ஊரில் வெள்ளம் இல்லை' என்று எழுதினேன்.
அமைச்சர் சொன்னார்:
உறுப்பினரின் தொகுதியில் வெள்ளம் இல்லை என்பதில்
அரசுக்கு மகிழ்ச்சி.
அடைப்புக்குறிக்குள் போட்டேன்: (சிரிப்பு).
பத்து நிமிடம் முடிந்தது. எழுந்துவிட்டேன்.

பைங்குளம் போகும் வழியில் அவர் வீடு.
முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட்டுகள்,
வேட்டிக்கும் துண்டுக்கும் நடுவே, ஆசிட் மணத்தோடு.
எண்பத்து மூன்று வயது. நான்கு முறை வென்றவர்,
மூன்று முறை தோற்றவர், ஒரு முறை கட்சி மாறியவர்.
"தப்பாக எழுதியது நான்தான்" என்றேன்.
"டீக்கடையில்தான் தெரிந்தது."

"எனக்கு அன்னைக்கே தெரியும் பிள்ளே.
திருத்தத்துக்கு அனுப்புவாவல்லா,
பேனாவத் தொறந்தேன். பொறவு மூடிட்டேன்."

அடுத்த ஆண்டு அதே மானியத்தில்
அச்சிட்ட தொகுதியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாராம்.
பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு.
"வெள்ளம் இல்லேன்னு அமைச்சர் ஒத்துக்கிட்டிருக்காரு.
எங்களுக்க ஊர்ல பிள்ளைங்க தாகத்துக்குக் கேக்குறது அது.
அதுலதான் அரசுக்கு மகிழ்ச்சியா?"
நீக்கச் சொன்னார் அமைச்சர்.
அச்சேறியதை எப்படி நீக்க என்றார் தலைவர்.
அந்தப் பத்து நிமிடமும்
வசந்தகோகிலத்துக்குப் போயிருக்கிறது.

கால்வாய் வந்தது, ஒன்பது கிலோமீட்டர்.
ஒரு கன்னிப்பூ, ஒரு கும்பப்பூ விளைந்தது.
மூன்றாம் பூவுக்குள் வயல்கள் வாழைக்கும்
பிறகு ரப்பருக்கும் போய்விட்டன.
"எனக்க வயலுந்தான்" என்று
கொடியில் ஒரு ஷீட்டைத் திருப்பிப் போட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.
ஆளும் வரிசையில் உட்கார்ந்த ஐந்தாண்டில்
பொருளடக்கத்தில் உங்கள் பெயருக்கு எதிரே
ஒரே ஒரு பதிவு:
'உறுப்பினர் இருக்கைக்கு மேலுள்ள மின்விசிறி
இயங்காமை குறித்து.'
அப்போதும் கடைமடை காய்ந்துதான் கிடந்தது, இல்லையா?

அவர் ஷீட்டின் ஓரத்தை நீவி நீவி நேராக்கினார்.
உள்ளிருந்து யாரோ குக்கரை இறக்கினார்கள்.
சாலையில் மீன் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"ஃபேன் பொறவு ஓடிச்சு" என்றார்.

(சிரிப்பு).

யார் சிரித்தது என்று
நாங்கள் எழுதுவதில்லை.