வெண்ணெய் இல்லாத பிப்ரவரி

யோயென்சூ மருத்துவமனையில்
தௌனோவின் நெஞ்சைத் திறந்து மூடியவர்
எண்ணெயையும் வெண்ணெயையும்
ஒரே கோட்டில் அடித்துவிட்டார்.
காகிதத்தை நான்காக மடித்துக்
கையுறைக்குள் செருகிக்கொண்டேன்.
வீடு வந்து சேரும்வரை
அவன் ஒரு சொல் பேசவில்லை.
அதில் விசேஷம் ஒன்றுமில்லை,
கல்யாணத்தன்றும் அப்படித்தான்.

வீட்டில் ஓட்ஸ் இருந்தது, மூட்டை நிறைய.
கஞ்சி என்றால் அவனுக்கு
பட்டாள நினைப்பு வந்துவிடும்.
எனவே கிரானோலா.

முதல் தட்டு கருகியது.
எண்ணெய் பூசிய ஓட்ஸ் கொஞ்சம் பொறுக்கும்.
பூசாதவள் ரோஷக்காரி,
வாசல் பனியைத் தள்ளிவிட்டு வருவதற்குள்
முகம் கறுத்துப்போனாள்.
பின்பக்கம் கொட்டினேன்.
பட்டாணிக்குருவிகள் வந்தன, பார்த்தன,
போய்விட்டன.

இரண்டாவதில் ஆப்பிள் கூழ் அதிகம்.
நனைந்த செருப்பின் உள்பக்கம்போல்
வளைந்து கொடுத்தது.
தௌனோ அதையும் தின்றான்.
"இருக்கிறது" என்றான்.
எது என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவதற்கு
செப்டம்பர் ஆப்பிளைத் தோலோடு வேகவைத்து
மசித்தது ஐந்து கரண்டி. அதற்கு மேல் இல்லை.
ஒரு முட்டையின் வெள்ளையை நுரைக்க அடித்தேன்.
உதிரியை உதிரியோடு ஒட்டவைக்க
அது போதும் என்றாள் தபால்காரி ஸைமி,
கையெழுத்து வாங்கிக்கொண்டே.
பூசணி விதை. இரண்டு கரண்டி தேன்.
காபி ரொட்டிக்கென்று வைத்திருந்த
ஏலக்காயை இடித்துப் போட்டேன்.
உப்பு ஒரு சிட்டிகை,
காகிதம் இருந்த பக்கம் திரும்பாமல்.

தட்டில் பரப்பி
உள்ளங்கையால் அழுத்தினேன்.
அவன் நூற்று நாற்பது டிகிரியில். நாற்பது நிமிடம்.
கிளறக் கூடாது,
கிளறினால் கட்டி சேராது.
எனக்கோ கை அரித்தது.
முப்பத்தெட்டு வருஷமாகக்
கிளறியே பழகிய கை.
அதற்கு வேலை கொடுக்கத்தான்
சவுனாவுக்கு விறகு சுமந்து போனேன்.

மேல் பலகைக்கு அடியில்
துண்டு சுற்றிய காபி டப்பா.
டப்பாவுக்குள் வெண்ணெய்.
சனிக்கிழமைச் சூட்டில் உருகி
ஞாயிற்றுக்கிழமை உறைந்து
மறு சனிக்கிழமை உருகி
மஞ்சளும் வெள்ளையுமாய்
அடுக்கடுக்காய் நின்றது.
நடுவில் கத்தித் தழும்பு.
ஓரத்தில் கம்பு ரொட்டித் துணுக்கு ஒன்று.

கையில் வெண்ணெய் இருக்க
நெய்க்கு அலைவானேன் என்பார்கள்.
நான் கையில் வெண்ணெயோடு
பனியில் நின்றேன்.
பியெலினென் ஏரியின் நடுவே
பக்கத்து வீட்டான் துளைத்துக் கொடுத்த ஓட்டையில்
தூண்டில் விட்டு உட்கார்ந்திருந்தான்.
ஒரு புள்ளி. அசையாத புள்ளி.
கத்தலாம் என்று நினைத்தேன்.
அவ்வளவு தூரத்துக்குக் கத்தினால்
ஊரே திரும்பிப் பார்க்கும்.

உள்ளே அடுப்பு மணி அடித்தது.
தட்டை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன்.
ஆறும்போதுதான் இறுகும்,
சூட்டோடு தொட்டால் பொடி.
ஒரு மணி நேரம்
தட்டையும் தொடவில்லை,
டப்பாவையும்.

மாலையில் மோர் ஊற்றித் தின்றான்.
மேலே காய்ந்த லிங்கன்பெர்ரி, ஏழெட்டு.
நொறுக்கும் சத்தத்தில்
சுவர்க்கடிகாரம் கேட்கவில்லை.
"இன்னும் இருக்கிறதா?" என்றான்.
கேள்வி! அதுவும் முழுசாக.

வெண்ணெயைப் பற்றி
நான் வாய் திறக்கவில்லை.
டப்பாவைக் கழுவித் துடைத்து
அதே துண்டில் சுற்றி
அதே இடத்தில் வைத்தேன், காலியாக.

வியாழக்கிழமை காலையில்
ஜாடி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.
பின்கதவிலிருந்து சவுனா வரை
புதுப் பனியில் அவன் பூட்ஸ் தடம்.
தடத்தின் ஓரமாக
அங்கொன்றும் இங்கொன்றும் ஓட்ஸ்.
குருவிகள் எனக்கு முன்பே
கண்டுபிடித்துவிட்டிருந்தன.

கிண்ணத்தை எடுத்தேன்.
ஒரு முட்டையை உடைத்து
மஞ்சளைப் பிரித்து வைத்தேன்.
அடித்துக்கொண்டிருக்கும்போது
அவன் உள்ளே வந்தான்,
பூட்ஸைத் தட்டினான்,
குளிர் எத்தனை டிகிரி என்று மட்டும் சொன்னான்.