வாடை ஏர்வேஸ்

பெயரைச் சொன்னதுமே
ஆலோசகர் பேனாவை மூடிவிட்டார்.
"வாடையா? மேடம்,
காசிமேட்டுல வாடைன்னா என்ன ஞாபகம் வரும்?"
லூர்துநாயகி அசையவில்லை.
"வடக்கேயிருந்து அடிக்கிற காத்து சார்.
ஐப்பசியில ஆரம்பிக்கும்.
இன்னொன்னும் ஞாபகம் வந்தா வரட்டும்."

நான் மூன்றாவது ஊழியன்.
முதல் ஆள் அவள், அடுத்தது கணக்கர் உமாபதி.
இதற்கு முன் மூழ்கிப்போன கம்பெனியில்
ஏழு மாதச் சம்பளம் எனக்கு இன்னும் பாக்கி.
அவர்களின் நீல டையை நானும் திருப்பித் தரவில்லை.

அலுவலகம், ஐஸ் பேக்டரி மாடி.
கீழே கட்டி உடைக்கிற மெஷின் ஓடினால்
மேசைமேல் டீ கிளாஸ் தானாக நடக்கும்.
அந்த ஆட்டத்தில்தான் தட்டச்சு செய்கிறேன்
அறுநூற்றுப் பதினாறு பக்கக் கையேட்டை:
இல்லாத விமானத்தின்
இல்லாத விமானி
இறக்கையில் மின்னல் விழுந்தால்
முதலில் எந்த விசையைத் தொட வேண்டும் என்று.

விமானம் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது.
எழுபத்திரண்டு இருக்கை, இரண்டு புரொப்பல்லர்.
அயர்லாந்துக்காரனுடையது,
பிரான்சில் ஏதோ ஓர் ஊரில்
பெயர் எழுதாத வெள்ளை உடம்போடு நிற்கிறது.
நின்றாலும் வாடகை, பறந்தாலும் வாடகை,
அதுவும் டாலரில்.
ஐஸ் விற்றவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை:
அச்சிலிருந்து எடுத்த நொடியே உருகத் தொடங்கும்,
லாரி கிளம்பினாலும் கிளம்பாவிட்டாலும்.
"இதுமேல போட உமி எங்க கிடைக்கும்?"
என்று உமாபதியைக் கேட்டாள்.
அவர் வங்கியைச் சொன்னார்.
தண்டையார்பேட்டைக் கிளை மேலாளர்
பாதி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.
"போட் வாங்கறதா இருந்தா சொல்லுங்க, உடனே தரேன்."

தலைமை விமானி சேர்ந்தார்.
மூன்றே வாரத்தில் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார்,
போகிற வழியில் இரண்டு கிலோ வஞ்சிரம் வாங்கிக்கொண்டு.

கிடைத்த நேரம் அதிகாலை மூன்று நாற்பது.
"அந்த நேரத்துக்கு எவன் வருவான்?" என்றார் உமாபதி.
"ஏலம் எத்தனை மணிக்கு?" என்றாள்.
அவர் பதில் சொல்லவில்லை.
மூன்று நாற்பதுக்கு இந்தத் தெருவில்
தூங்குகிறவன் யாருமில்லை.

ராத்திரி மொட்டைமாடியில் நின்றால்
மணலிப் பக்கம் தீ நாக்கு தெரியும்.
விமான எண்ணெயை அங்கேதான் காய்ச்சுகிறார்கள்.
மூக்குக்கு மட்டும் இலவசம்.

நேற்று ஞாயிறு. வெளியேற்ற ஒத்திகை.
ஷாமியானா கடையில் எழுபத்திரண்டு நாற்காலி,
நடுவே கயிறு கட்டி ஒரு நடைபாதை,
சாக்பீஸால் நான்கு கதவு,
அதில் இரண்டு திறக்காது.
தொண்ணூறு நொடிக்குள் எல்லாரும் வெளியே வரவேண்டும்,
அதிகாரிகள் வந்து பார்க்கும்போது.
பயணிகள்: லோடுமேன்கள், வலை பின்னுகிறவர்கள்,
ஏலக்கடை முடிந்து அப்படியே வந்த பெண்கள்.
காளத்தி, "ஜன்னலாண்ட எனிக்கு" என்று ஓடிவந்து
சுவரோர நாற்காலியைப் பிடித்தார்.
அங்கே ஜன்னல் இல்லை.
காரை பெயர்ந்த ஒரு திட்டு,
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசில்.
"பையை விடுங்க! வெளிய வாங்க!"
வியாசர்பாடி தில்ஷாத்தின் தொண்டை கிழிந்தது.
மரகதம் கூடையை விடவில்லை.
"ரெண்டாயிரம் ரூபா மீனு கீது,
நீ விடுவியா?"
யாரோ திறக்காத கதவைத் திறந்துகொண்டு போனார்.
யாரோ திரும்பி வந்து செருப்பைத் தேடினார்.
காளத்தி கடைசியாக எழுந்தார்,
பார்த்து முடித்தவர் போல.

நான்கு நிமிடம் பதினொரு நொடி.

லூர்துநாயகி கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினாள்.
"எல்லாரும் செத்தாச்சு" என்றாள், சிரிக்காமல்.
"மறுபடி வந்து உக்காருங்க."

காளத்தி அதற்குள் ஓடிவிட்டார்,
அதே சுவரோரத்துக்கு.