மூன்றாம் வரிசை, சன்னலோரம்

காலை ஷிப்ட்காரனுக்கு,
(காரியாகவும் இருக்கலாம். நீ சொன்னதில்லை,
நானும் கேட்டதில்லை.)

பெலேம் நகரத்துப் பள்ளியில்
நீ எழுந்துபோன நாற்காலியில்தான்
நானும் உட்கார்ந்தேன்.
உனக்குக் காலை ஏழரை.
நடுவில் மதியத்துக்காரர்கள்.
எனக்கு இரவு ஏழு,
ரொட்டிக்கடை மாவு
முழங்கையில் காயும் முன்னே.
ஒரு மேசைக்கு ஒரு நாளில் மூன்று பேர்,
வாடகை சைக்கிள் மாதிரி.

முதலில் எழுதியது நீதான்:
"இதில் ஒரு கால் குட்டை.
அட்டை வைத்திருக்கிறேன். எடுக்காதே."
நான் எடுக்கவில்லை.
"வேதியியலில் மூன்றாம் கேள்வி உதைக்கும்"
என்று எச்சரித்தாய்.
ராத்திரிக்கு வேறு தாள் வந்தது,
உதைத்தது ஐந்தாம் கேள்வி.
மதியத்துக்காரன் ஒருவன் மீன் வரைந்தான்.
நீ மீசை வைத்தாய்.
நான் குடை கொடுத்தேன்,
மழை எப்போதும் அவன் நேரத்தில்தானே வரும்.

இப்போது நான் இருப்பது ஃபின்லாந்தின் வடக்கே.
ஒன்பதுக்கு முதல் பாடம்,
பத்தரைக்குத்தான் விடிகிறது.
அம்மா பனிச்சறுக்கு விடுதியில்
நாளுக்கு அறுபது படுக்கைக்கு விரிப்பு மாற்றுகிறாள்.
நான் கால அட்டவணை பழகுகிறேன்.
பழகி முடிக்கையில்
ஆறு வாரம் ஆகியிருக்கும்,
அட்டவணை சட்டையுரித்துக்கொண்டு போய்விடும்.
செவ்வாயில் கிடந்த கணக்கு
வியாழனில் தலை தூக்கும்.

இரண்டு பாடத்துக்கு நடுவே
எதுவுமில்லாமல் ஒரு வேளை வந்தால்
அதற்கு இங்கே பெயர் தாவல் மணி.
ஹில்லா கம்பளிக் காலுறையோடு
சோபாவில் சுருண்டு தூங்குகிறாள்.
எனக்கு இதுவரை யாரும்
தாவச் சொல்லி ஒரு மணி நேரம் தந்ததில்லை.
எதைத் தாண்டுவதென்று தெரியாமல்
கொக்கியில் தொங்கும் கோட்டுகளை எண்ணுகிறேன்.
எழுபத்திமூன்று.
ஒன்று என்னுடையது.

பதினொன்றுக்கு முன்பே மதியச் சாப்பாடு,
காசு வாங்குவதில்லை.
கம்பு நிறத்தில் ஒரு ரொட்டி,
கடித்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும்.
அங்கே ராத்திரி ஒன்பது மணிக்கு
சோறும் காராமணியும் வரும்,
மேலே மரவள்ளிக் குருணை.
தூக்கத்தையும் சேர்த்துப் பிசைந்து தின்போம்.
அதற்கும் காசு இல்லைதான்.

இங்கே பன்னிரண்டு அடித்தால்
அங்கே ஏழு.
உடம்புக்குள் மணி அடிக்கிறது.
எழுந்து உட்கார்கிறேன்,
பெயர் கூப்பிட்டால் சொல்ல வேண்டுமே.
மூன்றே முக்காலுக்குக்
கடைசிப் பாடம் முடிந்து படுக்கிறேன்.

கணக்கு ஆசிரியர் ஆவுலிஸ்
(பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், நாக்கு கூசுகிறது)
"ஏன் தூங்கி வழிகிறாய்?" என்றார்.
"நேற்றிரவு வகுப்பு இருந்தது" என்றேன்.
காலம் தப்பாகச் சொல்கிறேனென்று
பொறுமையாகத் திருத்தினார்,
வினைச்சொல்லை.

இங்கத்து மேசை வெள்ளை.
ஒரு கீறல் இல்லை.
வலது மூலையில் பென்சிலால் எழுதினேன்:
"இதற்கு நான்கு காலும் சமம்."
மறுநாள் துடைத்திருந்தது.
மறுபடி எழுதினேன்,
மறுபடி வெள்ளை.
துடைத்தவர் மேல் கோபமில்லை.
நான்கு மணிக்கெல்லாம் பள்ளி காலி,
பதில் எழுத அடுத்த ஆள் எங்கே?

நேற்று,
காலாவதியான அட்டவணையை நான்காய் மடித்து
ஒரு காலுக்கு அடியில் வைத்தேன்.
மேசை இப்போது லேசாக ஆடுகிறது.
எழுத்து கொஞ்சம் கோணுகிறது.
பரவாயில்லை, என் கையெழுத்து
அப்படித்தான் இருந்தது.

ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும்.
ராத்திரி என் இடத்தில்
இப்போது யார் உட்காருகிறார்கள்?
அவர்களிடம் சொன்னாயா,
அட்டையை எடுக்கக்கூடாதென்று?