இரண்டரைச் செக்கன்

சீனன்குடாவில் கோதுமை இறக்க வந்த கப்பல்.
மூன்று நாளாய் மழை, மூடியே திறக்கவில்லை.
அதனால்தான் ஏபோ என் கடைக்கு வந்தான்
ஐந்நூறு ரூபாய்க்கு டேட்டா போட.
போட்டுவிட்டும் போகாமல் நின்றான்.
"உன்ர டீவி பெரிசு" என்றான், எனக்கு விளங்கும் இங்கிலிசில்.
"இண்டைக்கு ராத்திரி எங்கட படங்களுக்கு விருது."

எங்கட என்றால் முழுக் கண்டமும்.
வருசத்தில் ஒருநாள்
கெய்ரோவும் டாக்காரும் லாகோசும்
ஒரே கம்பளத்தில் நடக்கிற நாள்.
அங்கே எட்டு மணி என்றால் இங்கே ஒன்றரை.
அந்த நேரம் திருகோணமலையில்
முழித்திருப்பது மான்களும் நேவியும்தான்.

ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டேன்.
ஓட்டோவைச் சந்தியில் விட்டு நிஸ்தார் வந்தான்.
மா காயாத கையோடு
பேக்கரியிலிருந்து டிலக்சன், பை நிறைய மீன்பணிஸ்.

முதலில் உடுப்புகள் வந்தன.
ஒரு மாடிவீட்டையே சுற்றிக் கட்டியது போல் தலைப்பாகை,
படியெல்லாம் கூட்டிக்கொண்டு போகிற ஒரு மஞ்சள்.
"யார் என்ன விலை வரும்?" என்றான் நிஸ்தார்,
மனுசி தைக்கிறவள்.
ஒருவர் அரபியில் அழுதார்.
குவைத்தில் ஐந்து வருசம் கார் ஓட்டியவன் மொழிபெயர்த்தான்:
"தாய்க்கு நன்றி சொல்லுறார்."
அடுத்தவருக்கும் அதையே சொன்னான்.
அடுத்தவர் பேசியது போர்த்துக்கீசம்.

இரண்டே காலுக்கு ஷட்டரில் தட்டல்.
மழைக்கோட்டில் ஒரு நேவிக்காரன்.
இந்நேரம் இங்க என்ன கூட்டம்?
பழைய பழக்கம்,
கேள்வி முடியமுன் என் கை
அடையாள அட்டையைத் தேடி லாச்சிக்குள் போய்விட்டது.
ஏபோ தன் கப்பல் பாஸைக் காட்டினான்,
பிறகு திரையைக் காட்டினான்.
வந்தவன் தொப்பியைக் கழற்றிக் குனிந்து நுழைந்தான்.
கதிரை கொடுத்தோம். இருக்கவில்லை.
சுவரோடு சாய்ந்து, நீர் சொட்டச் சொட்டப் பார்த்தான்.

சிறந்த படம்.
ஐந்து பெயர், ஐந்து துண்டு.
நாலாவதில் ஒரு கரை.
எல்மினா என்றான் ஏபோ.
எனக்கு அது திருக்கடலூர்.
அதே வள்ளம், அதே வலை, வலைமேல் அதே நாய்.
ஒரு பெண் மணலில் நின்று கூப்பிடுகிறாள்.
கூடை சுமந்த ஒருவன் திரும்பாமல் போகிறான்.
வெட்டு.

கதிரை விழுந்த சத்தம்.
"அது நான்! அந்த முதுகு நான்!"

கப்பலேற முந்தி
மீன்கூடை தூக்கித் திரிந்த நாளில்
படக்காரர் பிடித்தார்களாம்.
திரும்பிப் பார்க்காதே, அவ்வளவுதான் வேலை.
பத்துத் தரம் திரும்பிவிட்டானாம்.
அவள் கூப்பிடுகிற கூப்பாடு அப்படி.
பதினோராம் தரம் காதில் பஞ்சு வைத்து அனுப்பினார்கள்.
ஒருநாள் கூலி, சோறு, பொரித்த மீன்.
படத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை.

உறை கிழிந்தது.
வேறு படம், வேறு நாடு.
ஏபோ எழுந்து நின்று கை தட்டினான்.
நாங்கள் தட்டவில்லை, எங்களுக்குக் கோபம்.
நேவிக்காரன் சிங்களத்தில் ஒரு தூசணம் சொன்னான்.
எல்லோருக்கும் விளங்கியது.

பிறகு அவனைத் திருப்பி நிறுத்தி
அந்த முதுகைப் பார்த்தோம்.
டிலக்சன் பேக்கரித் தட்டை அவன் தலையில் ஏற்றினான்.
நடந்து காட்டு.
என் கடை பன்னிரண்டடி,
நாலு எட்டில் கண்ணாடி அலுமாரி வந்துவிட்டது.

ஐந்து மணிக்கு மழை விட்டது.
ஆறுக்குள் கப்பலில் நிற்கவேண்டும்.
நிஸ்தார் முன்னால் ஓடி ஓட்டோவை உதைத்தான்.
தெருவை அடைத்துப் படுத்திருந்த மான்களுக்கு நடுவால்
ஏபோ நடந்தான்.
தோள் சற்று இடப்பக்கம் சரிவு,
படத்தில் இருந்த அதே சரிவு.

எனக்கு ஒரு அலுவலும் இல்லை.
சும்மா கூப்பிட்டேன்.

உடனே திரும்பினான்.