சாந்த்வீக் என்றொரு பக்கம் இல்லை

காலை ஏழுக்குத் தொலைபேசி.
"எங்கள் ஊரே இல்லை என்கிறது உங்கள் வலைத்தளம்.
அப்படியானால்
நான் எங்கிருந்து பேசுகிறேன்?"

ஓலுவா. ஃபாரோவின் தெற்குத் தீவு.
முன்பதிவு இல்லையென்றால்
படகுத்துறைப் பேருந்து அவள் ஊர்வரை ஏறி வராது.
வரவில்லை.
படகும் நிற்கவில்லை.

தோர்ஷாவ்னில் இன்னும் விடியவில்லை.
மழை படுத்துக்கொண்டே வந்து சன்னலில் மோதுகிறது.
பதிவேட்டைத் திறக்கிறேன்.
இரவு 11.42, சாந்த்வீக், 404.
11.43, சாந்த்வீக், 404.
11.51, சாந்த்வீக், 404.
இடையில் அந்த எட்டு நிமிடம்
என்ன செய்திருப்பாள்?
கண்ணாடியைத் துடைத்திருப்பாள்.
பிறந்த ஊரின் பெயரை
எழுத்துக்கூட்டிப் பார்த்திருப்பாள்.

என்னிடம் இருப்பதையும் அவள் அனுப்பியதையும்
அருகருகே வைத்தேன்.
அச்சு அசல்.
தோலை உரித்தால்தான் தெரிகிறது:
என் í ஒட்டிப் பிறந்தது, %C3%AD.
அவளுடையதில் வெறும் i முன்னே நடக்க,
தலைக்கோடு பின்னால் தனியே வருகிறது, %CC%81.
மெய் ஒரு பக்கம், உயிர் ஒரு பக்கம்,
கண்ணுக்கு மட்டும் உயிர்மெய்.
கணினி ஒப்பிட்டது, வேறு வேறு என்றது.
அது பொய் சொல்லவில்லை.

"இருபத்தாறு எழுத்து போதும்,
மற்றதையெல்லாம் வெட்டிவிடு" என்றான் ரோய்.
வெட்டத் தெரியாதவளா நான்?
மூன்று வருடத்துக்கு முன் ஒருவன் வந்தான்,
%252e%252e%252f என்று போர்த்திக்கொண்டு.
வாசலில் ஒருமுறை அவிழ்த்துப் பார்த்தேன்,
வெறும் விழுக்காட்டுக் குறிகள். போ என்றேன்.
உள்ளே இன்னொருவன் மறுபடி அவிழ்த்தான்.
இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு,
மாடிப்படி ஏறிக் கோப்பறை வரை போய்விட்டது.
அன்றிலிருந்து
எந்த எழுத்தின் முகத்தையும் நான் நம்புவதில்லை.

ஆனால் என் பெயர் Turið.
அந்தக் கடைசி ð-ஐ யாரும் உச்சரிப்பதில்லை,
அம்மாகூட.
எழுதாமல் விட்டால் மட்டும்
அது நானில்லை.
ரோயின் கத்தரியை என் வாசலில் வைத்தால்
முதலில் வெளியே நிற்பவள் நான்தான்.

எனவே வரிசையை மாற்றினேன்.
ஒரே ஒருமுறை அவிழ்ப்பது.
பைட்டுகள் முறைதவறி வந்தால் அங்கேயே திருப்பி அனுப்புவது.
பிரிந்து வந்த கோட்டை அதன் எழுத்தோடு சேர்ப்பது,
அதற்குப் பிறகுதான் சோதனை.
இத்தனை நாள்
துவைத்து முடித்துவிட்டுப்
பையைத் துழாவிக்கொண்டிருந்திருக்கிறேன்.
வெளியே போகும் முகவரியை
மீண்டும் கட்டி அனுப்புவது, அதுவும் ஒரே முடிச்சு.
ஏற்கெனவே கட்டியதன் மேல் கட்டினால்
% தன்னையே விழுங்கி %25 ஆகிவிடும்.

மாலை நான்கு.
இருட்டிவிட்டது, அல்லது விடியவே இல்லை.
சாந்த்வீக், 200.

மறுநாள் ஓலுவாவே கூப்பிட்டாள்.
பேருந்து வந்ததாம்.
சீட்டில் மட்டும் அவள் பெயர்
Ã“luva என்று அச்சாகியிருந்ததாம்.
"இது யார்?" என்று சிரித்தாள்.
ஓட்டுநர் சீட்டைப் பார்க்கவில்லை,
ஏறு, காற்று அடிக்கிறது என்றாராம்.

அச்சுப்பொறி என் பொறுப்பில் இல்லை.
அது யாருடையது என்று
தேடிக்கொண்டிருக்கிறேன்.